பவர்ஃபுல் தோட்டா எது? கொங்கு மலைகள் சொல்லும் பதில்



மொபைல் கேம் ஆடுற எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும்: "மச்சி, எந்த கன்னுக்கு டேமேஜ் அதிகம்?" கேமில் பதில் ஈசி. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பக்கத்திலேயே ஒரு நம்பர் இருக்கும். பெரிய நம்பர் இருந்தா பெரிய துப்பாக்கி, அவ்வளவுதான்.

நிஜத்தில் அப்படி ஒரு நம்பர் கிடையாதுங்க. தனக்கென்று ஒரு வேட்டை ரைபிள் செய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்த அந்தக் கால வேட்டைக்காரர் முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது மரக்கட்டையின் அழகையோ குழலின் நீளத்தையோ இல்லை, எந்தத் தோட்டா என்பதைத்தான். அந்த ஒரு முடிவிலிருந்துதான் குழல், பூட்டு, எடை, விலை எல்லாமே வரும். நம்ம பாஷையில் சொன்னால், தோட்டாதான் இன்ஜின், மீதியெல்லாம் சேசிஸ்.

இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ப் பக்கமே ஒரு நல்ல வரலாறு இருக்கு. திம்பம், சீகூர், ஆனைமலை, பென்னாகரம் என்று நாம பைக் ரைடு போற இடங்கள் எல்லாம் ஒரு காலத்தில் வேட்டைக்காடுகள். அங்கே எந்தத் தோட்டா வேலை செய்தது, ஏன் செய்தது என்று பார்த்தால் ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் முழுக்க ரிவிஷன் ஆகிவிடும். இன்றைக்கு அதே காடுகளுக்கு எந்தத் துப்பாக்கி தேவை என்பதற்கும் ஒரு பதில் கிடைக்கும். அந்தப் பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம்.

முதலில் பெயர்க் குழப்பம்

தோட்டா வேற, குண்டு வேற. பலபேர் ரெண்டையும் ஒன்றாகச் சொல்கிறோம். தோட்டா என்பது ஒரு பேக்கேஜ். பித்தளைக் கூடு, அதன் அடியில் சின்ன கேப், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு என்று நாலும் சேர்ந்ததுதான் தோட்டா. ஊசி கேப்பில் அடிக்கும், கேப் பொறி தரும், மருந்து எரிந்து வாயுவாகும், வாயு குண்டைத் தள்ளும். குண்டு மட்டும்தான் வெளியே போகும். கூடு துப்பாக்கியிலேயே நிற்கும்.

.405, .375, .470 என்று வரும் எண்கள் குழலின் அல்லது குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை. ".405 வின்செஸ்டர்" என்றால் சுமார் 0.4 அங்குலம், அதாவது 10 மில்லிமீட்டர் சுற்று. ஆனால் விட்டம் மட்டும் சக்தியைச் சொல்லாது. ஒரே விட்டத்தில் சின்னக் கூடும் உண்டு, பெரிய கூடும் உண்டு. 150 சிசி, 350 சிசி பைக் ரெண்டுக்கும் ஒரே டயர் போட்டா மைலேஜும் பிக்கப்பும் ஒன்றாகிவிடுமா? அது மாதிரிதான்.

கென்னத் ஆண்டர்சனின் .405

தென்னிந்தியக் காட்டுக் கதை படிப்பவர்களுக்கு கென்னத் ஆண்டர்சன் பெயரைச் சொல்லவே வேண்டாம். 1910இல் பிறந்தவர், பெங்களூருவில் வாழ்ந்தவர், அங்கே விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கன்னடமும் தமிழும் பேசுவார். ஜவளகிரி, பென்னாகரம், கெம்பேக்கரை, சீகூர், திம்பம் என்று நம்ம வட்டாரத்து ஊர்ப் பெயர்களை ஆங்கில வாசகர்களிடம் கொண்டு சேர்த்தவர் அவர்தான். ஆளைக் கொன்ற புலி, சிறுத்தைகள், மதம் பிடித்து ஊருக்குள் வந்த யானைகள் பற்றி எழுதினார். 1974இல் இறந்தார்.

அவர் கையில் பெரும்பாலும் இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல் ரைபிள். லீவரைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. அதற்கான .405 தோட்டா 1904இல் வந்தது. 1909இல் ஆப்பிரிக்கா வேட்டைக்குப் போன அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டும் இதே ரைபிளைத்தான் சிங்கத்துக்கு நம்பினார்.

ஆண்டர்சன் வைத்திருந்தது அந்தக் காலத்திலேயே இருந்ததில் பெரிய தோட்டாவா? இல்லைங்க. அதைவிட மிகப் பெரியவை அன்றைக்கே கடையில் இருந்தன. நாலு தோட்டாக்களின் கணக்கைப் பார்ப்போம். பழைய கேட்லாக்குகளில் வரும் வழக்கமான எடை, வேகத்தை நம்ம அலகுக்கு மாற்றியிருக்கிறேன்.

.30-06: குண்டு 11.7 கிராம், வேகம் நொடிக்கு 823 மீட்டர், ஆற்றல் சுமார் 3,950 ஜூல், உந்தம் 9.6.

.405 வின்செஸ்டர்: குண்டு 19.4 கிராம், வேகம் 671, ஆற்றல் சுமார் 4,380 ஜூல், உந்தம் 13.

.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் (1912): குண்டு 19.4 கிராம், வேகம் 771, ஆற்றல் சுமார் 5,780 ஜூல், உந்தம் 15.

.470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: குண்டு 32.4 கிராம், வேகம் 655, ஆற்றல் சுமார் 6,950 ஜூல், உந்தம் 21.

உந்தத்தின் அலகு கிலோகிராம்-மீட்டர்/நொடி. கால்குலேட்டர் எடுத்து ஒருதடவை போட்டுப் பாருங்க. அரை × நிறை × வேகத்தின் வர்க்கம் ஆற்றல், நிறை × வேகம் உந்தம்.

சினிமா யானை விழுமா?

4,380 ஜூல் என்பது எவ்வளவு? நீங்களும் உங்க பைக்கும் சேர்ந்து 160 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவினாசி ரோட்டில் மணிக்கு 26, 27 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு போனால் உங்களிடம் இருக்கும் ஆற்றல் அதுதான். அந்த ஆற்றல் முழுக்க ஒரு சுண்டுவிரல் நுனி அளவு உலோகத்தில் இருக்கிறது.

ஆனால் உந்தத்தைப் பாருங்க. பைக்குக்கு அந்த வேகத்தில் உந்தம் சுமார் 1,180. குண்டுக்கு வெறும் 13. இங்கேதான் சினிமா நம்மை ஏமாத்துது. பெரிய துப்பாக்கியால் சுட்டால் மிருகம் பறந்துபோய் விழும் என்று காட்டுவார்கள். நம்ம லிஸ்டிலேயே பெரியதான .470 குண்டு நாலு டன் யானை மேல் பட்டு உள்ளேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 21ஐ 4,000ஆல் வகுத்தால், யானை பின்னால் நகரும் வேகம் நொடிக்கு அரை சென்டிமீட்டர். எறும்பு கூட அதைவிட வேகமாகப் போகும்! நியூட்டனின் மூன்றாம் விதியும் அதையேதான் சொல்கிறது: மிருகத்தைத் தூக்கி எறியும் அளவு உதை இருந்தால், சுட்டவரையும் அதே உதை தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

அப்போ குண்டு என்னதான் செய்கிறது? தள்ளவில்லை, துளைக்கிறது. போக வேண்டிய இடம் வரை போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால்தான் அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் "எவ்வளவு பெருசு?" என்பதைவிட "எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது?" என்று கேட்டார்கள். குமாவோன் மலையில் ஆட்கொல்லிகளைத் தேடிய ஜிம் கார்பெட் புகழ்பெற்றது சின்ன விட்டமுள்ள .275 ரிக்பி ரைபிளோடு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே எடை, வேறு ஆழம்

மேலே உள்ள லிஸ்டில் .405, .375 ரெண்டுக்கும் குண்டின் எடை ஒன்றேதான், 19.4 கிராம். ஆனால் .405 குண்டின் குறுக்குப்பரப்பு சுமார் 86 சதுர மில்லிமீட்டர்; .375க்கு 71 மட்டுமே. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பின்னால் எவ்வளவு எடை தள்ளுகிறது என்று பார்த்தால், .405க்கு 227 மில்லிகிராம், .375க்கு 273 மில்லிகிராம். .470க்கு 285. .30-06க்கு 243.

இந்த எண்ணுக்குப் பெயர் குறுக்குவெட்டு அடர்த்தி. ஒரே சுத்தியலால் மொட்டை ஆணியையும் கூர் ஆணியையும் அடித்தால் எது உள்ளே போகும் என்பதுதான் விஷயம். குண்டு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் வேகத்தைச் சீக்கிரம் இழக்காமல் ஆழம் போகும். குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் மேலேயே ஆற்றலைக் கொட்டிவிடும்.

.405இன் பலமும் பலவீனமும் இங்கேதான் தெரியும். புலி, சிறுத்தைக்கு அது அருமையான தோட்டா. தோல் மெல்லியது, எலும்பு லேசானது, பரணில் உட்கார்ந்து சுடும் தூரமும் சில பத்து அடிகள்தான். அகலமான குண்டு, மிதமான வேகம் போதும். யானை என்றால் கதை வேறு. யானையின் மண்டை ஓடு தேனடை மாதிரி காற்றறைகள் நிறைந்த எலும்பு. மூளை அதற்குள்ளே ஆழத்தில் இருக்கிறது. அதற்கு .375, .470 மாதிரி ஆழம் போகும் குண்டுகளைத்தான் கைதேர்ந்தவர்கள் விரும்பினார்கள்.

குண்டின் கட்டுமானத்திலும் இதே தேர்வு உண்டு. முனை மிருதுவான ஈயமாக இருந்தால் உள்ளே போனதும் காளான் மாதிரி விரியும். இது புலி, மானுக்கு. முழுக்க உலோக உறை போட்டதாக இருந்தால் விரியாமல் நேராகப் போகும். இது யானை, காட்டெருமைக்கு. ஆக, தோட்டா தேர்வில் முதல் கேள்வி "எவ்வளவு பவர்?" இல்லை. "எந்த வேலை, எவ்வளவு தூரம்?" என்பதுதான்.

போர்வெல் பம்பும் 4,000 பாரும்

அடுத்தது அழுத்தம். நம்ம கோயம்புத்தூர் பம்புக்குப் பேர்போன ஊர், அதனால் பம்பை வைத்தே சொல்கிறேன். 1,000 அடி போர்வெல்லின் அடியிலிருந்து தண்ணீரை மேலே தள்ள சப்மெர்சிபிள் பம்பு தர வேண்டிய அழுத்தம் சுமார் 30 பார். .30-06 தோட்டா வெடிக்கும்போது குழலின் அறைக்குள் எழும் உச்ச அழுத்தம் 4,000 பார் வரை போகும். நூறு மடங்குக்கும் மேலே! அதுவும் ஒரு மில்லிநொடி அளவில்.

அந்த அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுவது போலவே கூட்டை பின்னாலும் தள்ளும். கூட்டின் அடிப்பரப்பை வைத்துப் பெருக்கினால் பின்பூட்டின் மேல் விழும் விசை 3 முதல் 4 டன். உங்க கன்னத்திலிருந்து நாலு விரற்கடை தூரத்தில் ஒரு மினி லாரி எடை இடிக்கிறது. அதைத் தாங்கி நிற்பது ரெண்டு சின்ன இரும்புப் பற்கள்.

அதனால்தான் பெரிய தோட்டாவுக்கு ரெண்டு வழியில் டிசைன் செய்தார்கள். ஒன்று, போல்ட் ஆக்‌ஷன்: பூட்டு உறுதியானது, அழுத்தம் அதிகம் தாங்கும், .375 இந்த வழியில் வந்தது. இன்னொன்று, ரெட்டைக்குழல் ரைபிள்: நடுவில் மடக்கித் திறப்பது, கீலில் நிற்பது, அதிக அழுத்தம் ஆகாது. அதனால் .470 மாதிரி தோட்டாக்களுக்கு நீளமான பெரிய கூடு கொடுத்து, அழுத்தத்தை 2,700 பார் அளவில் வைத்தார்கள். வேகத்தைக் குறைத்து, குண்டின் எடையைக் கூட்டினார்கள். ரெண்டாவது குண்டு வேண்டுமென்றால் எதையும் இழுக்கத் தேவையில்லை, அடுத்த விசையைத் தட்டினால் போதும். பத்தடியில் யானை வரும்போது அந்த அரை நொடிதான் உயிர்.

நம்ம ஊர் வெயிலுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கு. அந்தக் கால பிரிட்டிஷ் தோட்டாக்களில் கார்டைட் என்ற மருந்து. சூடு ஏற ஏற அது வேகமாக எரியும்; வேகமாக எரிந்தால் அழுத்தம் ஏறும். குளிரான இங்கிலாந்தில் சோதித்து அனுப்பிய தோட்டா, இங்கே சித்திரை வெயிலில் கூடு விரிந்து குழலிலேயே சிக்கிக்கொள்ளும். சுட்ட பிறகு கூடு வெளியே வராவிட்டால் கையில் இருப்பது துப்பாக்கி இல்லை, தடி. இந்தப் பிரச்சினைக்காகவே மருந்தின் அளவைக் குறைத்து வெப்ப நாடுகளுக்கென்று தனித் தோட்டாக்கள் போட்டார்கள். 1911இல் வந்த .416 ரிக்பிக்கு அவ்வளவு பெரிய கூடு வைத்ததற்கும் இதுதான் காரணம்: உள்ளே இடம் அதிகமென்றால் அழுத்தம் குறைவு. இயங்கும் சூழலைக் கணக்கில் எடுக்காத டிசைன் பேப்பரில் மட்டும்தான் வேலை செய்யும் என்று நம்ம புரொஃபசர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தோள்பட்டை தரும் பில்

பவருக்கு பில் கட்டுவது தோள்பட்டை. குண்டின் உந்தத்தோடு, பின்னாலேயே சீறி வரும் வாயுவின் உந்தத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த மொத்தத்தைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் அது பின்னால் உதைக்கும் வேகம் கிடைக்கும். ஏறத்தாழ கணக்கிட்டால், 3.6 கிலோ .30-06 ரைபிளின் உதை 27 ஜூல், 3.75 கிலோ .405 ரைபிளுக்கு 40 ஜூல், 5 கிலோ .470 ரெட்டைக்குழலுக்கு 70 ஜூலுக்கு மேல். பக்கத்து மேசையில் இருந்து 5 கிலோ அரிசிப் பையை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தோள்மேல் போட்டால் எப்படி இருக்கும்? அதுதான் .470.

எடையைக் கூட்டினால் உதை குறையும். உந்தம் மாறாமல் எடையை ரெட்டிப்பாக்கினால் உதையின் ஆற்றல் பாதியாகும். ஆனால் அந்த எடையைத் தூக்கிக்கொண்டு திம்பம் ஏறுவது யார்? உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுபவர் கையில் 7,000 ஜூல் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. தாங்கிச் சுடக்கூடிய 4,000 ஜூல், தாங்க முடியாத 7,000 ஜூலைவிட மேல். ஆண்டர்சன் .405ஐ விடாமல் வைத்திருந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள், புரியும்.

சட்டமும் ஒரு டிசைன் இன்ஜினியர்தான்

இந்த இடத்தில் ஒரு சுவாரசியமான விஷயம். .470, .475, .500/465 என்று ஏன் இத்தனை ஒட்டி ஒட்டி தோட்டாக்கள் வந்தன? இயற்பியல் காரணம் இல்லைங்க, போலீஸ் காரணம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யானை வேட்டைக்கு .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்தான் ராஜா. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவின் பழைய ராணுவத் துப்பாக்கியான மார்ட்டினி-ஹென்றியும் .450 குண்டையே போட்டது. அதன் குண்டு கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விடும் என்று பயந்த அரசு .450 அளவையே இந்தியாவுக்குள் தடை செய்தது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் என்ன செய்தன? ஆளுக்கொரு விதமாக கொஞ்சம் மேலே தள்ளி, சட்டத்தில் சிக்காத புது அளவுகளைக் கொண்டுவந்தன. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .500/465ஐ 1907இல் வெளியிட்டது. .470தான் எல்லாவற்றையும் தாண்டி இன்றுவரை நிற்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கதைதான். .303 ராணுவ அளவு என்பதால் பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால் இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலை அதே லீ-என்ஃபீல்டு பூட்டமைப்பில், பழைய ஆஸ்திரியத் தோட்டாவான 8 மில்லிமீட்டர் மன்லிக்கரை வைத்து .315 ஸ்போர்ட்டிங் ரைபிள் செய்தது. நாடு முழுக்க லைசென்ஸ்காரர்கள் வீட்டில் தொங்கும் ரைபிள் அதுதான். சிறந்த தோட்டா என்று யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. சட்டமும் கையிருப்பும் தேர்ந்தெடுத்தன.

யானைக்கு இன்னும் பழைய சட்டம் உண்டு. மெட்ராஸ் மாகாணத்தில் 1873இலேயே காட்டு யானைகளைக் காக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆளைக் கொன்றது என்று அரசு அறிவித்த யானையை அனுமதி வாங்கிச் சுடலாம்.

நம்ம லேத்தும் நாட்டுத் துப்பாக்கியும்

இப்போ நேரடியாக நம்ம விஷயத்துக்கு வருவோம். கணபதியிலும் பீளமேட்டிலும் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கு. நம்ம காலேஜ் ஒர்க்‌ஷாப்பிலேயே நாம துளை போடுறோம், மரை வெட்டுறோம். "ஒரு குழல் கடையறது என்ன பெரிய விஷயம்?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். அந்த நண்பருக்கு ரெண்டு பதில்.

முதல் பதில் இன்ஜினியரிங். 4,000 பாரைத் தாங்கும் குழலுக்கு, எஃகின் கலவை, வெப்பப் பதப்படுத்தல், உள்ளே மயிரிழை விரிசல்கூட இல்லை என்ற உறுதி எல்லாம் வேண்டும். ஐரோப்பிய விதிப்படி ஒவ்வொரு ரைபிளையும் விற்கும் முன் வழக்கமான உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தம் தரும் சோதனைத் தோட்டா போட்டு, தூரத்தில் நின்று சுட்டுப் பார்த்த பிறகுதான் முத்திரை குத்துவார்கள். பைப்பை வைத்துச் செய்த நாட்டுத் துப்பாக்கிக்கு அந்தச் சோதனையைச் செய்வது அதைச் சுடுபவரின் முகம்தான்.

இரண்டாவது பதில் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். குழலை வெட்டிக் குட்டையாக்குவதும் குற்றம்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடை செய்துவிட்டது. புலி, யானை போன்ற முதல் அட்டவணை விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. டிகிரி, பாஸ்போர்ட், கேம்பஸ் வேலை எல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும்.

இது கற்பனைப் பயமுறுத்தல் இல்லை. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி தொல்லை நிஜமானது. மக்காச்சோளமும் நிலக்கடலையும் போட்ட விவசாயிக்கு ஒரே ராத்திரியில் ஒரு வருஷ உழைப்பு போகும். அந்தக் கோபத்தில்தான் நாட்டுத் துப்பாக்கியும், பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் வருகின்றன. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை யானை கடித்து, தாடை சிதறி, நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. கோவை வனப்பகுதியில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. சக்தியை மட்டும் பார்த்து, இலக்கைப் பார்க்காத ஆயுதம் என்ன செய்யும் என்பதற்கு அவுட்டுக்காய்தான் கடைசி உதாரணம்.

இன்றைய காட்டுக்கு எந்தத் துப்பாக்கி?

சீகூரில் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போன கதையை ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். அதே மசினகுடி வட்டாரத்தில் 2021இல் டி23 என்ற புலி மனிதர்களைக் கொன்றது. சுட்டுப் பிடிக்கும் உத்தரவுகூட வந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு, அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்தார்கள். அதே காடு, அதே பிரச்சினை, வேறு துப்பாக்கி.

2019இல் தடாகம் பக்கம் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்ட சின்னத்தம்பி யானை, திரும்ப நடந்து உடுமலை வரை வந்தது ஞாபகம் இருக்கா? அதைப் பிடித்ததும் மயக்க ஊசியால்தான். இந்தத் துறையில் நம்ம டாப்சிலிப்பில் வேலை பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி நாடறிந்த முன்னோடி. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை அவரைப் பற்றியதுதான்.

மயக்க ஊசித் துப்பாக்கியின் டிசைன், மேலே பார்த்த எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. ஊசி துளைத்து உள்ளே போய்விடக் கூடாது. தசையில் நின்று மருந்தைச் செலுத்த வேண்டும். அதனால் ஆற்றல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உதாரணத்துக்கு 20 கிராம் ஊசி, நொடிக்கு 60 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றல் 36 ஜூல். .405இல் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் மெதுவாகப் போவதற்கும் ஒரு விலை உண்டு. 30 மீட்டர் தூரத்துக்கு .405 குண்டு 0.045 நொடியில் போய்விடும். அதற்குள் புவியீர்ப்பு அதை ஒரு சென்டிமீட்டர்தான் இறக்கும். நம்ம ஊசிக்கு அரை நொடி ஆகும், 1.2 மீட்டர் இறங்கிவிடும்! 35 மீட்டர் தூரத்தை 30 என்று தப்பாகக் கணித்தால் ஊசி குறி வைத்த இடத்துக்குக் கீழே போகும். காற்று அடித்தால் பக்கவாட்டில் போகும். கிட்டே இருப்பதைத் தூரம் என்று நினைத்து வாயு அழுத்தத்தைக் கூட்டினால் எலும்பு உடையும். யானையோ அந்த அரை நொடியில் நகர்ந்துவிடும். பிறகு மயக்கம் வரச் சில நிமிடங்கள். அதுவரை அது எந்தப் பக்கம் ஓடும், தண்ணீரில் விழுமா, பள்ளத்தில் விழுமா என்று யாருக்கும் தெரியாது. உடம்பு எடையைக் கண்ணால் மதிப்பிட்டுத்தான் மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

இதில் எத்தனை இன்ஜினியரிங் பிரச்சினை இருக்கு பாருங்க. தூரம் அளக்கும் கருவியோடு வாயு அழுத்தத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு, புகைப்படத்திலிருந்து யானையின் எடையைக் கணக்கிடும் நிரல், ஊசி பட்டதா, மருந்து முழுக்க இறங்கியதா என்று சொல்லும் சென்சார்... ஒவ்வொன்றும் ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட். அதைவிட முக்கியம், ஊசியே தேவைப்படாமல் செய்வது. 2021 நவம்பரில் மதுக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024இல் அதே பாதையில் கோபுரங்களும் வெப்பக் கேமராக்களும் வைத்து, யானை வருவதை முன்கூட்டியே கண்டுபிடித்து எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு அமைப்பை வனத்துறை தொடங்கியது. பக்கத்திலேயே எட்டிமடை; போய்ப் பார்த்துட்டு வாங்க.

சுடுவதில்தான் ஆர்வம் என்றால் அதற்கும் நேர்வழி இருக்கு. கோவையிலேயே ரைபிள் கிளப் இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டர் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அறுபது தடவை அதை அடிக்க முயற்சி பண்ணிப் பாருங்க. மூச்சு, இதயத்துடிப்பு, விரல் அழுத்தம் எல்லாம் எவ்வளவு ஆடுது என்று அப்போதான் தெரியும்.

அடுத்த தடவை ஹாஸ்டலில் யாராவது "எது மச்சி பவர்ஃபுல்?" என்று கேட்டால், திருப்பி மூணு கேள்வி கேளுங்க: என்ன வேலைக்கு? எவ்வளவு தூரத்தில்? தப்பினால் யாருக்கு அடி? இந்த மூணுக்கும் பதில் சொல்லிட்டு வரட்டும். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.